ரெண்டு ரெண்டாகத் தெரிந்தால் பிரஷர்தான் காரணமா?

காலையில் எழுந்து நாட்காட்டியில் தேதி கிழிக்கப் போகிறார் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர். சுவரில் இரண்டு நாட்காட்டிகள் தொங்குகின்றன. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்க்கிறார், இரண்டும் அங்கேயே இருக்கின்றன. வலப்பக்கம் பார்த்தால் இரண்டும் இன்னும் விலகுகின்றன. இடப்பக்கம் பார்த்தால் ஒன்றாகிவிடுகின்றன. கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று இரண்டு நாள் ஓடுகிறது. மூன்றாம் நாள் கண் மருத்துவரிடம் போகிறார். பிரஷர் பார்க்கிறார்கள்: 170/100. அவ்வளவுதான், சீட்டில் எழுதியாகிவிட்டது: உயர் ரத்த அழுத்தத்தால் வந்த கண் நரம்பு வாதம், மூன்று மாதத்தில் சரியாகிவிடும்.

இவர் கற்பனை மனிதர்தான். ஆனால் இப்படியொரு சீட்டு எந்த ஊரிலும் எழுதப்படக்கூடியது. பெரும்பாலும் அதில் உள்ளபடியே நடக்கவும் செய்யும். கண் தானாக நேராகிவிடும். எனக்கு உறுத்துவது "அழுத்தத்தால்" என்ற சொல், அதிலும் குறிப்பாக அந்த "ஆல்". அந்த உருபுக்குப் பின்னால் ஆதாரம் எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் கதை கொஞ்சம் சிக்கலாகிறது.

கண்ணை அசைக்கும் மூன்று நரம்புகள்

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இழுத்துத் திருப்புகின்றன. அவற்றுக்கு மூளையிலிருந்து ஆணை கொண்டுவருபவை மூன்று நரம்புகள். மூளையிலிருந்து நேராகப் புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளில் மூன்றாவது, நான்காவது, ஆறாவது என்று வரிசை எண்ணாலேயே மருத்துவர்கள் இவற்றைச் சொல்வார்கள். வேலைப் பங்கீடு சமமாக இல்லை. மூன்றாவது நரம்பு நான்கு தசைகளைப் பார்த்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு மேல் இமையைத் தூக்குவதும் கண்மணியைச் சுருக்குவதும் அதன் பொறுப்பு. நான்காவதுக்கு ஒரே தசை. ஆறாவதுக்கும் ஒரே தசை, ஒரே வேலை: கண்ணை வெளிப்பக்கம், அதாவது காதுப் பக்கம், திருப்புவது.

இரண்டு கண்ணும் ஒரே புள்ளியைக் குறிபார்த்தால்தான் இரண்டு பிம்பங்களையும் மூளை ஒன்றாகச் சேர்க்கும். ஒரு கண் கொஞ்சம் பிசகினாலும் உலகம் இரண்டாகிவிடும். ஆகவே இந்தத் தொல்லைக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கண்ணைக் கையால் மூட வேண்டும், பிறகு அதைத் திறந்து மற்றதை மூட வேண்டும். எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டைத் தோற்றம் மறைந்தால், கண்கள் ஒன்றோடொன்று இசையவில்லை என்று பொருள். நரம்பையோ தசையையோ தேட வேண்டும். ஒரு கண்ணை மூடிய பிறகும் மற்றக் கண்ணில் இரண்டாகத் தெரிந்தால், கோளாறு அநேகமாக அந்தக் கண்ணுக்குள்தான்: கண்புரை, கருவிழிக் கோளாறு, கண்ணாடி பவர் இப்படி ஏதாவது. மருத்துவரிடம் போகுமுன் இதைச் செய்து பார்த்து அவரிடம் சொன்னால் பாதி விசாரணை முடிந்துவிடும்.

நம் நாட்காட்டிக்காரருக்கு வந்தது வலது ஆறாவது நரம்பின் வாதம். வலப்பக்கம் பார்க்கும்போது இடது கண் மூக்கை நோக்கி நன்றாகத் திரும்புகிறது, வலது கண்ணோ நடுவிலேயே நின்றுவிடுகிறது. தூரத்தில் இருப்பதைப் பார்க்க இரண்டு கண்ணும் இணையாக நிற்க வேண்டும், அதுதான் முடியவில்லை. பக்கத்தில் இருப்பதைப் படிக்கும்போது கண்கள் எப்படியும் உள்நோக்கித் திரும்புகின்றன, அதனால் தொல்லை குறைவு. பேருந்தின் பெயர்ப்பலகை இரண்டாகத் தெரியும், கையிலிருக்கும் செய்தித்தாள் ஒன்றாகத் தெரியும். "கிட்டப் பார்வை நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லி நாள் கடத்துவதற்கு இதுவே போதும். சிலர் தம்மை அறியாமல் முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டே பேசுவார்கள். அப்படித் திருப்பினால் எதிரே இருப்பவர் ஒருவராகத் தெரிவார்.

நான்காவது நரம்பு ஒரு தனி ரகம். அது இயக்கும் தசை ஒரு கப்பியில் ஓடும் கயிறு போல, சிறு குருத்தெலும்பு வளையத்துக்குள் புகுந்து திரும்பிக் கண்ணைப் பிடிக்கிறது. அது பழுதானால் ஒன்றின் மேல் ஒன்றாக, சற்றுச் சாய்ந்தாற்போல் பிம்பங்கள் தெரியும். படி இறங்குவதும் படிப்பதும் கஷ்டமாகும். தலை மறுபக்கத் தோள் நோக்கிச் சாயும். இந்த நரம்பின் பலவீனம் பிறவியிலேயே இருந்து, ஐம்பது அறுபது வயதில் மூளையின் சமாளிப்பு தளரும்போது வெளிப்படுவதும் உண்டு. அனுபவமுள்ள மருத்துவர் பழைய படங்களைக் கேட்பது இதற்காகத்தான். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக் கோலத்திலேயே தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தால் முப்பது வருஷப் பழைய விஷயம் என்று தெரிந்துவிடும், பிரஷரைக் குற்றம் சொல்லவே வேண்டியதில்லை.

மூன்றாவது நரம்பு வாதத்தில் இமை சரிந்து கண்ணை மூடிவிடும். தூக்கிப் பார்த்தால் கண் கீழேயும் வெளியேயும் விலகி நிற்கும். இமையே திரை போட்டுவிடுவதால் சிலருக்கு இரட்டைத் தோற்றம் தெரிவதே இல்லை. ஆனால் மூன்றிலும் பயப்பட வேண்டியது இதற்குத்தான். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நரம்புக்கும் ரத்தம் வேண்டும்

நரம்பு என்பது வெறும் கம்பி அல்ல, உயிருள்ள திசு. அதற்குள்ளும் மயிரிழை போன்ற ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. பல வருஷம் அழுத்தம் கூடியே இருந்தால் உடம்பெங்கும் சிறு தமனிகளின் சுவர் தடித்து, உள்வழி குறுகுகிறது. சர்க்கரை நோயும் அதே இடத்தில் தன் பங்குக்குக் கெடுக்கிறது. அப்படிக் குறுகிய குழாய் ஒன்று ஒருநாள் அடைபடும்போது, அது ஊட்டிக்கொண்டிருந்த நரம்புத் துண்டு பட்டினி கிடக்கிறது. வாதம் திடீரென்று, பெரும்பாலும் தூங்கி எழும்போது தெரியவருகிறது. ஓரிரு வாரம் கூடிவிட்டு நின்றுவிடுகிறது. புருவத்திலும் கண்ணைச் சுற்றியும் வலி இருப்பது சகஜம், பாதிப் பேருக்கு மேல் இருக்கும். மூளையில் வந்த பக்கவாதமா இது என்று வீட்டில் எல்லோரும் கேட்பார்கள். இல்லை. அடைப்பு மூளைக்குள் அல்ல, மூளையை விட்டு வெளியே வந்த நரம்பில். ஆனால் அந்தக் கேள்வி தவறானதும் அல்ல; தைவானில் நாடு தழுவிய காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் இந்த வாதம் வந்தவர்களுக்குப் பின்னாளில் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தது.

ரத்தம் கிடைக்காமல்தான் நரம்பு பழுதாகிறது என்பது எப்படித் தெரிந்தது என்பதும் சொல்ல வேண்டிய கதைதான். மூன்றாவது நரம்பு வாதம் வந்து, பிறகு வேறு காரணத்தால் இறந்துபோன சர்க்கரை நோயாளிகள் சிலரின் நரம்பை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 1957-ல் ஒரு அறிக்கை வந்தது, 1970-ல் இன்னும் இரண்டு. நரம்பின் நடுப்பகுதி பாதிக்கப்பட்டிருந்தது, ஓரம் தப்பியிருந்தது. 1970-ல் ஆஸ்பரியும் அவர் குழுவினரும் விவரித்த நரம்பில் இழைகளுக்கு மேல் உறை போலச் சுற்றியிருக்கும் மயலின் உரிந்துபோயிருந்தது, உள்ளிருக்கும் இழைகளோ பெரும்பாலும் அறுபடாமல் இருந்தன. ஒயரில் மேலுறை மட்டும் போய் உள்ளே செம்பு முழுசாக இருப்பது போல. உறை மறுபடி வளரும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். மூன்று மாதக் கணக்குக்கு விளக்கம் இதுதான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த உடற்கூறுச் சான்றுகள் சர்க்கரை நோயாளிகளுடையவை, அதுவும் மூன்றாவது நரம்பிலிருந்து எடுத்தவை. பிரஷர் மட்டும் உள்ளவருக்கும், ஆறாவது நரம்புக்கும் இதே கதைதான் என்று நாம் நீட்டிக்கொள்கிறோம். நியாயமான ஊகம்தான், ஆனாலும் ஊகம்.

ஓம்ஸ்டெட் கணக்கு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓம்ஸ்டெட் என்று ஒரு மாவட்டம். மேயோ கிளினிக் இருக்கும் ராச்செஸ்டர் நகரம் அங்கேதான். அந்த மாவட்டத்தில் யார் எந்த நோய்க்கு எங்கே வைத்தியம் பார்த்தாலும் பதிவுகளை ஒன்றாக இணைத்துப் படிக்கும் ஏற்பாடு பல பத்தாண்டுகளாக உண்டு. பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த சிக்கலான நோயாளிகளை மட்டும் எண்ணாமல், ஒரு மக்கள்தொகை முழுவதையும் எண்ண முடிவதால் இந்த விஷயத்தில் அந்த ஊர்க் கணக்குக்குத் தனி மதிப்பு.

முதலில் 1981-ல் மேயோவிலிருந்து ரஷ், யங் இருவரும் 1000 நோயாளிகளை வைத்து எழுதிய பட்டியல். ஆறாவது நரம்பு 419 பேருக்கு, மூன்றாவது 290, நான்காவது 172, மற்ற 119 பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நரம்புகள். இது மருத்துவமனைக் கணக்கு. பிறகு 2004-ல் பட்டேல் குழுவினர் ஓம்ஸ்டெட் மாவட்டத்தில் 15 ஆண்டுகளில் ஆறாவது நரம்பு வாதம் வந்த 137 பேரையும் தேடிப் பிடித்தார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 11 பேருக்கு வருகிறது. காரணம் கண்டுபிடிக்க முடியாதவர்கள் 26 சதவீதம், பிரஷர் மட்டும் இருந்தவர்கள் 19 சதவீதம், பிரஷரும் சுகரும் சேர்ந்து இருந்தவர்கள் 12 சதவீதம், அடிபட்டதால் வந்தது 12 சதவீதம், சுகர் மட்டும் 4 சதவீதம். மேலோட்டமாகப் படித்தால் பிரஷர்தான் தெரிந்த காரணங்களில் முதலிடம். பாடப்புத்தகத்தில் எழுதிவிடலாம்.

ஆனால் அதே குழு அடுத்த ஆண்டே இன்னொரு கேள்வி கேட்டது. அதே ஊரில், அதே வயதில், கண் நரம்பு வாதம் வராதவர்களை எடுத்துக்கொண்டால் அவர்களில் எத்தனை பேருக்குப் பிரஷர் இருக்கிறது? பதில் சங்கடமானது. சுகர் உள்ளவர்களுக்கு இந்த வாதத்தோடு தொடர்பு ஆறு மடங்கு கூடுதல். பிரஷரும் சுகரும் சேர்ந்தவர்களுக்கு எட்டு மடங்கு. பிரஷர் மட்டும் உள்ளவர்களுக்கோ, குறிப்பிடத்தக்க கூடுதல் எதுவும் இல்லை.

இதைப் புரிந்துகொள்ளப் புள்ளியியல் வேண்டாம். காலில் முள் குத்திய அறுபது வயதுக்காரர்கள் நூறு பேரை வரிசையில் நிறுத்திப் பிரஷர் பார்த்தால் ஏகப்பட்ட பேருக்கு அதிகமாக இருக்கும். முள் குத்தியதற்குப் பிரஷர் காரணம் என்று நாம் எழுத மாட்டோம். சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு 2023-ல் வெளியானபோது, இந்தியாவில் இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னது. இது எல்லா வயதும் கலந்த கணக்கு. வயதானவர்களை மட்டும் எடுத்தால் இன்னும் கூடும். இவ்வளவு பேரிடம் இருக்கும் ஒன்று, எந்த நோயாளியின் சீட்டிலும் தற்செயலாகவே இடம்பிடித்துவிடும். போதாததற்கு, திடீரென்று உலகம் இரண்டாகத் தெரிகிற பதற்றத்திலும் கண்வலியிலும் உட்கார்ந்திருப்பவருக்கு அன்றைக்குப் பார்த்த 170/100 எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

தமிழ் இலக்கணத்தில் மூன்றாம் வேற்றுமைக்கு ஆல் என்றும் ஓடு என்றும் உருபுகள் உண்டு. வாளால் வெட்டினான் என்றால் வாள் கருவி. தாயோடு வந்தான் என்றால் கூட வந்தது மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் இதை ஒரே வேற்றுமைக்குள் சேர்த்துச் சொல்லிக்கொடுத்ததாலோ என்னவோ, மருத்துவச் சீட்டிலும் இரண்டும் குழம்பிவிடுகின்றன. நம் நாட்காட்டிக்காரருக்கு அழுத்தத்தோடு வாதம் வந்திருக்கிறது என்பது நிச்சயம். அழுத்தத்தால் வந்ததா என்பது இன்னும் நிரூபிக்க வேண்டியது.

அப்படியானால் பிரஷர் நிரபராதியா? அதுவும் இல்லை. 1994-ல் ஜேக்கப்சன் குழுவினர் இந்த வாதம் வந்தவர்களின் மற்ற ஆபத்துக் காரணிகளைத் தேடியபோது, சர்க்கரை நோயோடு இதயத்தின் இடது கீழறைத் தடிப்பும் முன்னே வந்து நின்றது. இதயச் சுவர் ஒரே நாளில் தடிக்காது. பெரும்பாலும் பல வருஷம் கட்டுக்கடங்காத அழுத்தத்தை எதிர்த்து அடித்து அடித்துத் தடிப்பது அது. எனக்குத் தோன்றுவது இதுதான்: "பிரஷர் இருக்கிறதா, இல்லையா" என்ற கேள்வியே தவறான அளவுகோல். மாத்திரையில் கட்டுக்குள் இருக்கும் 130-க்காரரும் பத்து வருஷமாக 180-ல் திரிந்தவரும் பதிவேட்டில் ஒரே கட்டத்தில் விழுகிறார்கள். குழாய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்கு இதயத்தையும் சிறுநீரகத்தையும் விழித்திரையையும் பார்க்க வேண்டும், அன்றைய ஓர் எண்ணை அல்ல. சுகர் கூடவே இருந்தால் ஆறு மடங்கு எட்டு மடங்காவதையும் மறக்கக் கூடாது. தனியாக நின்றால் ஆள் சாது, கூட்டாளியோடு வந்தால் வேறு.

பிரஷர் நேரடியாகத் தாக்கும் வேறொரு வழி

இதுவரை சொன்னது மெல்ல நடக்கும் சேதம். அழுத்தம் 180/120-ஐத் தாண்டிப் பாய்ந்து, மூளையில் நீர்கோத்து வீங்கத் தொடங்கினால் அது முற்றிலும் வேறு கதை. மண்டையோடு விரியாத பெட்டி. உள்ளே அழுத்தம் கூடும்போது ஆறாவது நரம்பு மாட்டிக்கொள்ளலாம், ஏனென்றால் அது வந்த வழி அப்படி. மூளைத்தண்டின் அடிப்பகுதியில் புறப்பட்டு, எலும்புச் சரிவின் மேல் ஏறி, டொரெல்லோ கால்வாய் என்று சொல்லப்படும் இடுக்கில் இறுக்கமாக நுழைந்து, பிறகு கழுத்துத் தமனியை ஒட்டிக் கண்குழிக்குப் போகிறது. மூளை கொஞ்சம் கீழிறங்கினால் அந்த இடுக்கில் நரம்பு இழுபடும். நரம்பில் எந்த நோயும் இல்லாமலேயே கண் திரும்பாது. பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் காலியர் 1904-லேயே மூளைக் கட்டிகளில் இதைக் கவனித்து, இடம் தவறாகக் காட்டும் அறிகுறி என்று எழுதிவைத்தார். ஆறாவது நரம்பு இங்கே பொய்ச் சாட்சி. அது கைகாட்டும் இடத்தில் கட்டி இருக்காது.

எனவே கண் மருத்துவர் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பின்புறத்தைப் பார்ப்பது சடங்கு அல்ல. பார்வை நரம்பின் தலைப்பகுதி இரண்டு கண்ணிலும் வீங்கியிருந்தால், மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம், அல்லது ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் இருக்கலாம். 1939-ல் மேயோவின் கீத், வேகனர், பார்க்கர் மூவரும் பிரஷரால் விழித்திரையில் வரும் மாற்றங்களை நான்கு நிலைகளாகப் பிரித்தபோது, நான்காவது நிலையின் அடையாளமே இந்த வீக்கம்தான். அத்தகையவரை மூன்று மாதம் பொறுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

தீர்ப்பு மறைக்கக்கூடியவை

"பிரஷரால்" என்று அவசரமாக எழுதுவதன் உண்மையான செலவு, அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும் மற்றவை. மூன்றாவது நரம்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். மூளைக்குள் ஒரு தமனியின் சுவர் பலவீனமாகி பலூன் போல ஊதினால் அதை அனியூரிசம் என்கிறார்கள். அது அடிக்கடி வரும் இடங்களில் ஒன்று மூன்றாவது நரம்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஊதும் பலூன் நரம்பை வெளியிலிருந்து அழுத்துகிறது. கண்மணியைச் சுருக்கும் இழைகள் நரம்பின் வெளி ஓரத்தில் ஓடுவதால் அவைதான் முதலில் நசுங்குகின்றன, கண்மணி விரிந்துவிடுகிறது. ரத்தம் கிடைக்காமல் வரும் வாதமோ நடுப்பகுதியைத் தாக்கி ஓரத்தை விட்டுவைக்கிறது, கண்மணி பெரும்பாலும் தப்பிக்கிறது. பிணப் பரிசோதனையில் பார்த்த நடு-ஓர வித்தியாசம் வெறும் ஆராய்ச்சித் தகவல் அல்ல என்று இப்போது புரியும். டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்க்கும் அந்த ஒரு நிமிஷத்தில் நோயாளியின் உயிர் இருக்கலாம். பலூன் வெடித்தால் வரும் மூளை ரத்தக்கசிவில் பிழைக்காதவர்கள் நிறைய.

விதி எளிதாகத்தான் இருக்கிறது, நோயாளிகள்தான் விதிப்படி வருவதில்லை. 2017-ல் வெளியான ஓம்ஸ்டெட் மாவட்டத்தின் மூன்றாவது நரம்பு ஆய்வில் 37 ஆண்டுகளில் 145 பேர்; அவர்களில் 42 சதவீதத்துக்கு நுண்குழாய் அடைப்பு, 6 சதவீதத்துக்கு அனியூரிசத்தின் அழுத்தம். நுண்குழாய் அடைப்புக்காரர்களில் 16 சதவீதத்துக்குக் கண்மணியும் பாதிக்கப்பட்டிருந்தது. ஏதோ ஒன்று அழுத்தியதால் வந்தவர்களிலோ 64 சதவீதத்துக்குத்தான். அதாவது நரம்பை ஏதோ ஒன்று அழுத்தியும் மூன்றில் ஒருவருக்குக் கண்மணி சரியாகவே இருந்தது. இமை பாதி சரிந்து, கண் பாதி அசைந்து, கண்மணி சரியாக இருக்கிற அரைகுறை வாதத்தை நம்பவே கூடாது. முதல் நாள் தப்பிய கண்மணி ஒரு வாரத்தில் விரியலாம். மூன்றாவது நரம்பு என்றால் மூளை ரத்தக்குழாய்களையும் சேர்த்து ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது என்பது இன்று பரவலான நடைமுறை. எனக்கும் அதில் மறுபேச்சு இல்லை.

நான்காவது, ஆறாவது நரம்புகள் தனியாகப் பாதிக்கப்பட்டால் உடனே ஸ்கேனா, பொறுத்துப் பார்ப்பதா என்பதில் நிபுணர்களே இரண்டு கட்சி. 2013-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மூன்று நரம்புகளில் ஏதோ ஒன்று மட்டும் பழுதான, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட 109 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் 16.5 சதவீதத்துக்கு நுண்குழாய் அடைப்பு அல்லாத வேறு காரணம் இருந்தது: கட்டி, மூளைத்தண்டு அடைப்பு, அனியூரிசம், பிட்யூட்டரிச் சுரப்பியில் ரத்தக்கசிவு இப்படி. அவர்களில் சிலருக்குப் பிரஷரும் சுகரும் இருக்கவே செய்தன. மூன்றாவது நரம்புக்காரர்களையும், தமனி அழற்சி நோய் இருந்தவர்களையும் கழித்தால் அந்த எண் 4.7 சதவீதமாகக் குறைந்தது. நூற்றில் ஐந்து பேருக்காக எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எடுப்பதா என்று ஒரு கட்சி, அந்த ஐந்து பேரில் நம் அப்பா இருந்தால் என்று மறு கட்சி. எம்.ஆர்.ஐ. செலவு குடும்பத்தின் மாத வருமானத்தில் பெரும்பகுதியை விழுங்கும் இடத்தில் முதல் கட்சியை வெறும் கஞ்சத்தனம் என்று ஒதுக்க முடியாது. ஆனால் அந்தக் கட்சியில் சேர்பவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு: நோயாளியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது. பார்க்காமல் பொறுப்பது பொறுமை அல்ல.

ஸ்கேனில் தெரியாதவையும் இருக்கின்றன. காலையில் நன்றாக இருந்து மாலையில் இமை தொங்கினால், ஒருநாள் ஒரு மாதிரியும் மறுநாள் வேறு மாதிரியும் இரண்டாகத் தெரிந்தால், மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோயைத் தேட வேண்டும். சரிந்த இமை மேல் இரண்டு நிமிஷம் ஐஸ் கட்டி வைத்துப் பார்த்து, இமை தூக்கிக்கொண்டால் சந்தேகம் வலுக்கும். தைராய்டு நோயிலும் கண் தசைகள் வீங்கி இறுகி இதே தோற்றம் வரும். நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடை வலி, உடம்பு இளைப்பு இவற்றோடு வயதானவருக்கு இரட்டைப் பார்வை வந்தால் பெரிய தமனிகளில் வரும் அழற்சி நோயை நினைக்க வேண்டும். வட ஐரோப்பிய வம்சத்தவரிடம் அதிகம், நம்மிடம் குறைவு, ஆனாலும் தாமதித்தால் பார்வையே போய்விடும். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு சாதாரண ரத்தப் பரிசோதனைகள் அதற்குத் துப்புக் கொடுக்கும். கட்டுப்பாடில்லாத சுகரோடு முகவலியும் மூக்கடைப்பும் இமை சரிவும் சேர்ந்து வந்தால் கறுப்புப் பூஞ்சையை நினைக்காமல் இருக்க முடியாது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது இந்தியா முழுவதும் அதை நேரில் பார்த்தோம்.

காத்திருக்கும் மூன்று மாதம்

சரி, எல்லாம் பார்த்தாகிவிட்டது, வேறு எதுவும் இல்லை. அப்போது அந்த "ஆல்" ஓரளவு நேர்மையான உருபு. இனி என்ன?

மருந்து என்று தனியாக ஒன்றும் இல்லை என்பதுதான் நோயாளிகளுக்கு ஏற்கக் கஷ்டமான செய்தி. சத்து மாத்திரை எழுதுவது வழக்கம். பி12 குறைபாடு இல்லாதவருக்கு அது நரம்பை வேகமாகக் குணமாக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஸ்டீராய்டு இதற்கு உதவாது, சுகரையும் பிரஷரையும் ஏற்றிவிட்டு உபத்திரவம்தான் செய்யும். கண்ணில் விடும் எந்தச் சொட்டாலும், மூலிகைச் சாற்றாலும் பயன் கிடையாது. கோளாறு கண்ணிலேயே இல்லையே.

இரட்டைத் தோற்றத்தை நிறுத்த ஒரு கண்ணை மறைத்தால் போதும். கண்ணாடியில் ஒரு பக்கம் தெளிவில்லாத ஒட்டுத்தாள் ஒட்டிக்கொள்ளலாம். மறைத்த கண்ணில் பார்வை போய்விடும் என்று பயப்படுகிறார்கள்; குழந்தைகளுக்குத்தான் அந்தக் கவலை, பெரியவர்களுக்கு இல்லை. ஃபிரெனல் பிரிசம் என்று மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று உண்டு. கண்ணாடி மேல் ஒட்டினால் பிம்பத்தை நகர்த்தி இரண்டையும் சேர்க்கும். கண் தேறத் தேற வேறு அளவு மாற்றிக்கொள்ளலாம். கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வண்டி ஓட்டக் கூடாது. ஒரு கண்ணை மறைத்ததும் ஒன்றாகத் தெரிகிறதே என்று டூவீலரை எடுப்பவர்களுக்கு ஆழம் கணிப்பது எவ்வளவு தடுமாறும் என்பது எதிரே லாரி வரும்போதுதான் உறைக்கும்.

பிரஷரைக் குறைக்க வேண்டும், ஆனால் ஒரே மூச்சில் அல்ல. குறுகிப்போன குழாய்களில் ரத்தம் ஓடுவதற்கே ஓரளவு அழுத்தம் வேண்டும். தடாலென்று இறக்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் பட்டினி. உண்மையான அவசர நிலையில்கூட முதல் மணி நேரத்தில் பெரும்பாலும் கால் பங்குக்கு மேல் குறைப்பதில்லை. முன்பு நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் விட்டுப் பிரஷரை மளமளவென்று இறக்கும் பழக்கம் உலகெங்கும் இருந்தது. அதனால் பக்கவாதமும் மாரடைப்பும் வந்த சம்பவங்களைத் தொகுத்து, இதை நிறுத்தலாமே என்று 1996-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. தினமும் தவறாமல் ஒரு மாத்திரை, அவ்வளவுதான் வேண்டியது. அந்த அவ்வளவுதான் எவ்வளவு கஷ்டம் என்பதால்தான் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கி, பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். சுகர் இருப்பதே தெரியாதவருக்கு இந்தக் கண் வாதம் வந்த பிறகு மூன்று மாதச் சராசரி பார்த்துத் தெரியவருவதும் உண்டு.

மூன்று மாதத்தில் பெரும்பாலோருக்குக் கண் அசையத் தொடங்கி நேராகிவிடும். ஆறாவது நரம்பு வாதம் வந்த 59 பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில் 86 சதவீதம் பேருக்கு முழுதாகக் குணமானது. மூன்று மாதமாகியும் அசைவே இல்லை என்றால் அதுவரை ஸ்கேன் எடுக்காதவருக்கு எடுத்தே ஆக வேண்டும். இடையில் மோசமானாலோ, இன்னொரு நரம்பும் சேர்ந்து பழுதானாலோ, காது மந்தமானாலோ, முகம் மரத்தாலோ அவ்வளவு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. மூன்றாவது நரம்பு குணமாகும்போது, கீழே பார்க்கையில் இமை மேலே துள்ளுவது போன்ற விசித்திர அசைவுகள் தோன்றினால் இழைகள் அறுந்து தப்பான இடத்தில் வளர்ந்திருக்கின்றன என்று பொருள். உறை மட்டும் உரிந்த நரம்பில் அப்படி நடக்காது. ஏதோ அழுத்துகிறது. மீதமுள்ள சிலருக்கு எதிர்த் தசையில் போட்டாக்ஸ் ஊசி போட்டோ, ஆறு மாதத்துக்கு மேல் கண்ணின் நிலை மாறாமல் இருந்தால் அறுவை செய்தோ கண்ணை நேராக்குகிறார்கள்.

அதே 59 பேரில் 31 சதவீதத்துக்கு இந்த வாதம் மறுபடியும் வந்தது. நம் நாட்காட்டிக்காரருக்கும் நாலைந்து வருஷம் கழித்து இன்னொரு கண்ணில் வரலாம். வீட்டில் பத்திரமாக வைத்திருந்த பழைய சீட்டை எடுத்துக்கொண்டு போவார், போன தடவை இதுதான் சொன்னாங்க என்று நீட்டுவார். அந்தச் சீட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக் கண்மணியிலிருந்து மறுபடி தொடங்கும் மருத்துவர் அவருக்கு வாய்க்க வேண்டும்.